பாயில் உட்கார்ந்த பாட்டில்

கோட்டைக்குப்பம்,
பழவேற்காடு.
8-9-1985

அன்புள்ள மச்சான் அர்ஜுனனுக்கு, மாமா மாசிலாமணி ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா தேவகியும், முட்டை போடுவதை நிறுத்திவிட்ட இரண்டு கோழிகளும் சுகம். அங்கே நீயும் உன் கப்பலும் அதன் எஞ்சினும் சுகமாக இருக்க எல்லையம்மன் துணை. இந்தக் கடிதத்தையும் ஹாம்பர்க் மாலுமிகள் விடுதி விலாசத்துக்கே போடுகிறேன். போன மூன்று கடிதங்களும் அங்கேதான் போயின. உன்னிடமிருந்து பதில் இல்லை என்பதால் அவை உன் கைக்குக் கிடைத்தன என்றே எடுத்துக்கொள்கிறேன். கிடைக்காத கடிதமாக இருந்தால் திரும்பி வந்திருக்கும்.

முதலில் வீட்டு விஷயம். இறால் கம்பெனி ஐஸ் டிப்போவிலிருந்து சித்திரையோடு எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் ஐஸ் உடைத்த கை இது. இப்போது சும்மா இருக்க முடியாமல் வீட்டில் நல்லதாக இருந்த நாற்காலியைப் பழுது பார்த்ததில், அது உட்கார லாயக்கில்லாமல் போய்விட்டது. உன் அக்காவுக்குக் கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. பொன்னேரி டாக்டர் சொன்னபடி பல வருஷமாகப் பார்லித் தண்ணீர் காய்ச்சிக் குடிக்கிறாள். வீட்டில் அரிசி தீர்ந்தாலும் பார்லி தீர்வதில்லை. போன வருஷப் புயலில் கூரை பாதி பிய்த்துக்கொண்டு போய் ஏரியில் விழுந்தது. நான் ரேஷன் கார்டைக்கூட எடுக்காமல் உன் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஓடினேன். பின்னாலிருந்து உன் அக்கா, "யோவ், கார்டை எடுய்யா! அந்தப் பாட்டிலு கெடக்குது!" என்று கத்தினாள். கூடப் பிறந்தவனின் பொருளைப் பற்றி இப்படிப் பேசுகிறாளே என்று இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.

பாட்டில் என்று எழுதிவிட்டேன். இனிமேல் சுற்றி வளைத்துப் பயனில்லை. மச்சான், உன் பாட்டிலைத் திறந்துவிட்டோம். பீங்கான் மூடி இருக்கிறது, கம்பி இருக்கிறது, சிவப்பு ரப்பர் வளையம் இருக்கிறது. உள்ளே இருந்ததுதான் இல்லை. நான் திருட்டுத்தனமாகக் குடித்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. ஊர்ச் சபையில், பட்டப்பகலில், முறைப்படி ஆறு பேர் குடித்தோம். எப்படி நடந்தது என்று முழுசாகச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எழுபத்தேழு மாசி மாதம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அது இப்போதும் நாக்கிலேயே இருக்கிறது. கம்பளிச் சட்டைக்குள் சுருட்டி இரண்டு பாட்டில் கொண்டு வந்தாய். அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. ஊரில் பீர் என்று சொன்னாலே பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும். "இது கம்பெனி சரக்கு இல்ல மாமா. எங்க கப்பல் சமையக்காரனோட சித்தப்பா, ஒரே கெழவன், அவன் ஊட்டுக்குப் பின்னால அவன் கையாலயே செய்யறான். தண்ணி, பார்லி, ஒரு பூவு, கொஞ்சம் ஈஸ்ட்டு. அஞ்சாவதா ஒண்ணு சேத்தா அவங்க ஊர்ல அவனுக்கு மரியாத போயிடும். செஞ்சிட்டு, சில்லுனு இருக்கற நெலவறையில மூணு மாசம் சொம்மா போட்டு வெச்சிடுவான். அவசரப்படவே கூடாதாம்" என்றாய். ஐஸில் போட்டு வைப்பதுதான் என் தொழிலும். மூன்று மாசம் வைத்தால் இறால் கம்பெனிக்காரன் என்னையே தூக்கி ஏரியில் போட்டுவிடுவான் என்று நான் சொன்னேன். அந்தக் கிழவனை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஐஸின் அருமை தெரிந்த மனுஷன் என்று அன்றைக்கே அவன்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

டிப்போவிலிருந்து ஒரு பாளம் ஐஸைக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்து, அதற்குள் பாட்டிலைப் புதைத்து, படகை ஏரியின் நடுவுக்கு விட்டோம். நீ கம்பியைத் தள்ளியதும் மூடி டப்பென்று திறந்த சத்தத்தில் நாம் இரண்டு பேரும் படகுக்குள் குனிந்துகொண்டோம். தூரத்தில் மேய்ந்த பூநாரைக் கூட்டமே எழுந்து பறந்தது. அவற்றுக்கும் மதுவிலக்குப் பயம் போலிருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே அலுமினிய டம்ளர், அதுவும் டிப்போ டம்ளர், கழுவிக் கழுவியும் இறால் வாசனை போகாதது. முதல் வாய் கசந்தது. வேப்பம்பூ ரசம் மாதிரி இருக்கிறது என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இரண்டாவது வாயில் கசப்புக்குப் பின்னாலிருந்து வறுத்த தானியத்தின் வாசனை எழுந்து வந்தது, பொரி வறுக்கிற வீட்டு வாசலைக் கடந்து போகிற மாதிரி. மூன்றாவது வாயில் சில்லென்று, சுத்தமாக, தொண்டை முழுக்க மாசி மாதக் காற்று இறங்கியது. மீசையில் ஒட்டிய நுரையைத் துடைக்க மனசில்லாமல் அப்படியே விட்டேன்.

நடு ஏரியில் யார் வரப் போகிறார்கள் என்று நாம் தைரியமாக இருந்தோம். நம் ஏரியின் ஆழம் நமக்கே மறந்துவிட்டது. பசியாவரம் தீவில் கருவாடு விற்றுவிட்டு உன் அம்மா, என் அத்தை காசியம்மாள், தலையில் கூடையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நேராக நடந்து வந்து படகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாடா அது?"

"கப்பல்ல குடுத்த மருந்தும்மா."

"மருந்துன்னா மாமனும் மச்சானும் ஏண்டா சிரிச்சிகினு குடிக்கிறீங்க? குடு இங்க."

வாங்கி ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். "ஊசிப்போன கஞ்சி மேரி கீது" என்றார். பிறகு டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்து. மொத வாயி சரியா தெரியல" என்றார். மூன்று தடவை அவருக்குச் சரியாகத் தெரியாமல் போனதில் பாட்டில் முடிந்துவிட்டது. இன்னொன்று எங்கே என்று வேறு கேட்டார். "அது நான் அடுத்த வாட்டி வந்ததும் மூணு பேருமா குடிக்கலாம்மா. மாமா கைல இருக்கட்டும்" என்றாய். அதற்கு அவர் சொன்னது ஒரே வார்த்தைதான்: "வா."

நீ வரவில்லை மச்சான். ஒரு கப்பல் முடிந்து இன்னொரு கப்பல் என்று எழுதினாய். பாட்டில் மட்டும் உமி நிரப்பிய பழைய ஐஸ் பெட்டிக்குள் உனக்காகக் காத்திருந்தது. காத்திருந்ததோடு நிற்கவில்லை. ஏரியில் உன் பங்கான பாட்டை வேறு அதுதான் காப்பாற்றியது.

நம் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. ஏரியில் இறால் விழுகிற நல்ல இடம் கொஞ்சம், தலைக்கட்டு அதிகம். அதனால்தான் ஆவணிக்கு ஆவணி சீட்டுப் போட்டு, எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று பாடு பிரிக்கிறோம். சபைப் பாயில் வந்து உட்கார்ந்தவனுக்குத்தான் சீட்டு. ஆள் வரமுடியாவிட்டால் அவன் பொருள் ஒன்று அவன் இடத்தில் உட்காரலாம். அம்மை போட்டிருந்த ஒருத்தனுக்காக அவன் செருப்பு உட்கார்ந்து சீட்டு வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் உன் நைனாவின் துடுப்பு உடைந்து அடுப்புக்குப் போய்விட்டது, வலை மக்கிவிட்டது. உன் பொருள் என்று முழுசாக இருந்தது பாட்டில் ஒன்றுதான். எழுபத்தெட்டிலிருந்து உன் பேரைக் கூப்பிடும்போதெல்லாம் பெரியவர்களுக்கு நடுவில் பாயில் அது உட்கார்ந்திருக்கும். "இது அர்ஜுனன் வெச்சிட்டுப் போனது. குடிக்க வருவான்" என்று நான் சொல்வேன். பாட்டிலுக்குச் சீட்டு விழும். உன் முறை நாளில் உன் இடத்தில் யாரும் வலை இறக்க மாட்டார்கள், இடம் சும்மா கிடக்கும்.

எண்பது ஐப்பசியில் அத்தை போய்ச் சேர்ந்தார். தந்தி உன் கப்பலைத் துரத்திக்கொண்டு நாற்பது நாள் அலைந்தது. அதற்கு நீ எழுதிய கடிதம் இரண்டே வரி. அம்மாவுக்குக் கொள்ளி வைக்காதவன், பதினாறாம் நாள் படையலில் ஒரு கை சோறு வைக்காதவன், இனி எந்த முகத்தோடு வருவேன் என்று கேட்டிருந்தாய். உன் கடைசிக் கடிதம் அதுதான். இப்போதும் என் சட்டைப் பையில் இருக்கிறது. அந்தப் பதினாறாம் நாளில் உன் அக்கா படையலை முடித்துவிட்டு மதியம் படுத்தவள், விளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. வந்த சொந்தக்காரர்களுக்கு நான்தான் பரிமாறினேன். தாய் போன துக்கம் ஆளையே சாய்த்துவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை உன் பாட்டிலை எடுத்துக் கழுவித் துடைத்து வைப்பாள். தம்பிமேல் அவ்வளவு பாசம்.

இந்த வருஷச் சபைக்கு வருகிறேன். தலைமைக்கு உட்கார்ந்த நாட்டார் பலராமன் உன் பேரைப் படித்தார். நான் பாட்டிலைப் பாயில் வைத்தேன். மாதா குப்பத்து அந்தோணிசாமி எழுந்தான். மெட்ராஸ் துறைமுகத்தில் நாலு வருஷம் வேலை பார்த்ததில் உலகத்திலுள்ள எல்லாச் சரக்கும் தனக்குத் தெரியும் என்பது அவன் எண்ணம். பாட்டிலைக் கையில் எடுத்துக் குலுக்கினான்.

"நாட்டாரே, பீர குலுக்கினா நொரை கட்டும். இதுல ஒண்ணுமே கட்டல. எட்டு வருசமா மாசிலாமணி ஏரித் தண்ணிய வெச்சி நம்மள ஏமாத்திகினு கீறாரு. ஆளும் வர்ல, சரக்கும் இல்ல. அந்த எடத்துல நல்லா எறா நம்மளப் பாத்து சிரிச்சிகினு போவுது!"

எனக்கு ரத்தம் கொதித்தது. "யாரப் பாத்து இன்னா பேசற? தொறந்து பாருடா!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் அதன் விளைவு புரிந்தது. திறக்காவிட்டால் உள்ளே பீர் இருப்பதற்குச் சாட்சி இல்லை. திறந்துவிட்டால் உனக்காக உட்கார்வதற்குப் பாட்டில் இல்லை. ஐஸ் உடைத்த காலத்தில்கூட இப்படி இரண்டு பாளத்துக்கு நடுவில் நான் மாட்டியதில்லை. பின்வாங்கவும் வழியில்லை. சபை மொத்தமும் நாக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

சீட்டுப் பானையைப் பிடிப்பதற்கு வருஷா வருஷம் டவுனிலிருந்து கௌஸ் மைதீன் பாய் வருவார் இல்லையா, ஏரியில் அவருக்குப் பங்கு இல்லாததால் அவர் பிடித்தால்தான் எல்லாருக்கும் நம்பிக்கை. அளவு பார்க்கவும் அவரையே கூப்பிட்டார்கள். "அல்லா! எனக்கு வேணாம்யா இந்த வம்பு. நான் தொடமாட்டேன். வேணும்னா தள்ளி நின்னு கண்ணால அளவு சொல்றேன்" என்று ஐந்தடி தள்ளி நின்றார். நாட்டார், அந்தோணிசாமி, நான், இன்னும் மூன்று பெரியவர்கள் என்று ஆறு பேருடைய டம்ளரிலும் கரிக்கோடு போடச் சொல்லி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ஒரு சொட்டு... போதும், போதும்" என்று அளந்தார். ஊற்றியவன் பதற்றத்தில் கொஞ்சம் சிந்த, அது அவர் கைலியில் தெறித்துவிட்டது. மனுஷன் முகம் வெளுத்துப்போனது.

அதற்கு முன்பு மூடியைத் திறந்தபோதே சத்தம் வரவில்லை மச்சான். நுரையும் இல்லை. அந்தோணிசாமி ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தான். "இன்னாயா இது? பீருன்னா நாக்குல கசக்கணும். இது சொம்மா தண்ணி மேரி கீது." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஊரிலேயே அந்தச் சரக்கின் நிஜ ருசி தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அத்தையும் போய்விட்டார்.

குடித்தேன். கசப்பு இல்லை. பொரி வாசனை இல்லை. மாசிக் காற்று இல்லை. எங்கோ அடியில் கொஞ்சம் பார்லி இருந்தது, அவ்வளவுதான். எட்டு வருஷ வெயிலில் உன் கிழவனின் சரக்கு செத்துப்போய்விட்டது, என் கையில் கொடுத்ததை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று புரிந்தது. இது அது இல்லை என்று சொன்னால் உன் பேர் அன்றோடு போய்விடும். உன் நைனா பேரும் அதோடு சேர்ந்து போகும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு, அன்றைக்குப் படகில் குடித்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். "மொதல்ல கசக்கும். அவசரப்படக் கூடாது" என்றேன். பொரி வாசனையைச் சொன்னேன். பூநாரைகளைச் சொன்னேன். அத்தை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மூன்று தடவை டம்ளரை நீட்டியதைச் சொன்னேன். மதுவிலக்குக் காலத்தில் நடந்த குற்றத்தை ஊர்ச் சபையில் நானே ஒப்புக்கொள்கிறேன் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. சொல்லச் சொல்லக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இது கம்பெனி பீர் இல்ல, கைப்பக்குவம். வெக்க வெக்க அடங்கும். கப்பல்ல போற பெரிய மனுசங்களுக்குத்தான் இதோட ருசி தெரியும்" என்று முடித்தேன். கடைசி வாக்கியம் அந்தோணிசாமிக்காக.

பிறகு ஒருவர் மெதுவாக, "ஆமா, அடியில ஒரு வாசன கீது" என்றார். இன்னொருவருக்குக் கசப்பும் தெரிந்தது. கடைசியில் அந்தோணிசாமியே, "துறைமுகத்துல வர்றதுல மட்டமானது நொரைக்கும். ஒசத்தி நொரைக்காது" என்று சபைக்கு விளக்கிச் சொன்னான். நாட்டார் மூக்கைச் சிந்திவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "பாட்டிலு காலி. பாடு காலி இல்ல. தை பொறக்கறதுக்குள்ள ஆளு வந்து பாயில உக்காரணும். இதுக்கு மேல பாட்டிலு, டப்பா ஒண்ணும் செல்லாது." மறுநாள் காலையில் அவரே வீடு தேடி வந்து, ராத்திரியெல்லாம் நன்றாகச் சிறுநீர் பிரிந்து ஆறு மாதக் கால் வீக்கம் வடிந்துவிட்டதாகச் சொல்லி, உன் ஜெர்மன் கிழவனுக்கு நன்றி தெரிவிக்கச் சொன்னார். தெரிவித்துவிட்டேன்.

ஆக, நான் பொய் சொல்லித்தான் உன் பாட்டைக் காப்பாற்றியிருக்கிறேன். அந்தப் பொய் தை வரைக்கும்தான் தாங்கும். நீ கொடுத்த பொருளைக் கெடுத்ததற்கு என்னை மன்னித்துவிடு. வரும்போது பாட்டில் எதுவும் கொண்டு வராதே. இன்னொன்றைக் காவல் காக்க எனக்குத் தெம்பில்லை. நீ மட்டும் வா. உன் முகம் எப்படி இருந்தாலும் எங்களுக்குப் பரவாயில்லை, அதைப் பார்த்து எட்டு வருஷம் ஆகிறது. உன் கப்பலுக்குக் காற்றும், உனக்குப் புத்தியும், கேப்டனுக்கு உனக்கு லீவு கொடுக்கும் மனசும் எல்லையம்மன் அருளட்டும். கோழிகள் உட்பட எல்லாரும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
அன்பு மாமா,
மாசிலாமணி

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் வழக்கம்போல் உன் அக்காவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சபையில் நான் அழுத இடத்தில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்து நிறுத்தினேன். நிறுத்தியதும் அவள் அழ ஆரம்பித்தாள்.

"கெட்டும் போவல, ஒண்ணும் போவல. நீங்க ஆறு பேரும் குடிச்சது என் காலுக்குக் காச்சின பார்லித் தண்ணி."

அத்தையின் பதினாறாம் நாளில் நடந்ததாம். சுறாப்புட்டு, வெற்றிலை என்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்துவிட்டுப் பார்த்திருக்கிறாள். "எல்லாம் கீது, தம்பி கையால மட்டும் ஒண்ணும் இல்ல. சபையில பாட்டிலு அவனுக்காக உக்காரும்னா அம்மா முன்னால உக்காராதா? அதான் பெட்டியில இருந்து எடுத்தாந்து எலையில வெச்சி, மூடியத் தொறந்து, அம்மா, அர்ஜுனன் வந்துகீறான், குடிம்மான்னு சொன்னேன். படைச்சத கொட்டக் கூடாதில்ல? நானே குடிச்சிட்டேன். மொதல்ல கசந்திச்சி. அப்பால அழுகை வந்திச்சி. அப்பால தூக்கம் வந்திச்சி." நான் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து பாட்டிலில் பார்லித் தண்ணீரை ஊற்றி மூடி, ஊசிப்போகாமல் இருக்க ஐந்து வருஷமாக அமாவாசைக்கு அமாவாசை புதுசு மாற்றியிருக்கிறாள். பாசம் என்று மேலே நான் எழுதியிருப்பது இதைத்தான்.

புயலில் ரேஷன் கார்டை விட்டுவிட்டு நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியது பார்லித் தண்ணீரை. கௌஸ் மைதீன் பாய் அந்தக் கைலியை நாலு தடவை துவைத்தும் மனசு ஆறாமல் இருக்கிறார்; அவரிடம் உண்மையைச் சொன்னால் அவர் நிம்மதி அடைவார், ஊர் என்னை அடிக்கும். நீயே வந்து சொல்.

மச்சான், எந்த முகத்தோடு வருவேன் என்று கேட்டாயே, இனிமேல் அதைக் கேட்காதே. அம்மாவின் படையலில் நீ இருந்திருக்கிறாய். எங்கள் யாருக்கும் தெரியாமல் உன் அக்கா உன்னை அங்கே உட்கார வைத்திருக்கிறாள்.

பாட்டில் கொண்டு வராதே என்று மேலே எழுதியதை அடித்துவிட்டேன். இரண்டு கொண்டு வா என்று எழுதப் போனேன். உன் அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "மூணு கொண்டாரச் சொல்லு. ஒண்ணு அம்மாவுக்கு. இந்த வாட்டி தம்பியே தொறந்து வெக்கட்டும்" என்கிறாள். படைத்த பிறகு அதை யார் குடிப்பது என்று நான் கேட்கவில்லை.